நியூட்டனும் கர்மாவும்

ஆஸ்பத்திரியில் அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் யாராவது ஒருத்தர் சொல்வார்: ‘எப்பவோ செஞ்சது திரும்பி வந்திருக்கு. நியூட்டனே சொல்லியிருக்காரே, ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டுன்னு!’ நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லியும் இருக்கலாம்.

நியூட்டன் 1687-ல் எழுதியது இதுவல்ல. சுவரைத் தள்ளிப் பாருங்கள். அதுவும் உங்களைத் தள்ளுகிறது, அதே கணத்தில். அடுத்த ஜென்மத்தில் அல்ல. இதில் பாவ புண்ணியக் கணக்கும் கிடையாது.

ஒரு லாரி சைக்கிள் மேல் மோதுகிறது. மூன்றாம் விதிப்படி, லாரி சைக்கிளைத் தள்ளும் அதே அளவுக்கு சைக்கிளும் லாரியைத் தள்ளுகிறது. அப்புறம் ஏன் சைக்கிள் மட்டும் பறக்கிறது? இதற்குப் பதில் இரண்டாம் விதியில் இருக்கிறது. விசை ஒன்றுதான், ஆனால் நிறை குறைந்ததன் வேகம்தான் அதிகம் மாறும். மூன்றாம் விதி இரண்டு பொருள்களுக்கு நடுவில் நடப்பதைச் சொல்கிறது. இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகிறது என்பதை.

முதல் விதி? விசை இல்லாவிட்டால் வேகம் மாறாது. ‘இரண்டாம் விதியில் விசையை பூஜ்யமாக்கினால் இதுதானே வரும், தனியாக எதற்கு?’ என்பீர்கள். பிரேக் போட்ட பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தால், யாரும் தள்ளாமலே பயணிகள் முன்னால் சாய்கிறார்கள். எங்கே நின்று பார்த்தால் மற்ற இரண்டு விதிகளும் செல்லும் என்று சொல்வது முதல் விதி.

மூன்றிலும், அடிபட்டவன் என்ன தப்பு செய்தான் என்று ஒரு வரி இல்லை. விசை சமம், விளைவு சமமல்ல. எளியவன்தான் தூக்கியெறியப்படுகிறான்.

அடுத்த தடவை ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, நியூட்டனை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.