மத்தியானப் பசாசு



ஞாயிறு பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் கோவிலை விட்டு வேப்பமரத்தடிக்குப் போகிறவர்கள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? வாலிபர்கள் என்று பெண்கள் குறை சொல்வார்கள். என் கண்ணில் படுகிறவர்களோ நாற்பதும் ஐம்பதும் கடந்த குடும்பத் தலைவர்கள். இவர்கள் கெட்டவர்கள் அல்ல. திருவிழாவில் தேருக்குத் தோள் கொடுப்பவர்கள், கோவில் வரியைத் தவறாமல் கட்டுகிறவர்கள். ஆனால் மகனைச் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ அனுப்பி, மகளைக் கட்டிக்கொடுத்து, வெங்காயம் விலை போகாத வருஷத்தின் கடனையும் சுமந்து, சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கத் தொடங்கிய அந்த வயதில் ஜெபம் அவர்களுக்கு ருசிக்கவில்லை. “மனசு ஒட்ட மாட்டேங்குது சாமி” என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் உண்டு.

இந்த நோய் நம் பெரம்பலூர், அரியலூர் சீமைக்கு மட்டும் வந்ததல்ல. எகிப்து வனாந்தரத்தில் தவஞ்செய்து 399-இல் இறந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி இதை மத்தியானப் பசாசு என்று குறிப்பிட்டார். 90-ஆம் சங்கீதத்தில் (இன்றைய எண்ணிக்கைப்படி 91) வரும் பெயர் அது. காலை பத்து மணிக்குமேல் அது சந்நியாசியைப் பிடிக்குமாம். பொழுது நகர்ந்ததா என்று சூரியனைப் பார்ப்பான். யாராவது தன்னைத் தேடி வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பான். இந்த இடமே சரியில்லை, வேறிடம் போனால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுவான். பசாசுகளிலெல்லாம் பாரமானது இதுவே என்கிறார் அவர். ஆயுளின் மத்தியானத்திலும் இதுதான் நடக்கிறது.

அண்மையில் என்னோடு குருமடத்தில் படித்த மூன்று சுவாமியார்களுடன் கேரளத்திலுள்ள வாகமண் குரிசுமலை ஆசிரமத்துக்குப் போயிருந்தேன். தேனி, குமுளி, ஏலப்பாறை வழியாகப் போய், கடைசித் தூரத்தை நடந்தே ஏறினோம். 3,000 அடிக்கு மேற்பட்ட உயரம்; ஒரே மூடுபனி. வாலிபத்தில் பச்சைமலையை ஓடியே ஏறியவர்கள்தான் நாங்கள். இப்போது ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மூச்சு. ஆகையால் மெதுவாக நடப்பவரையே முன்னால் விட்டோம். அவருடைய வேகமே எல்லாருடைய வேகமும் ஆயிற்று.

இந்த ஆசிரமத்தை 1958-இல் பெல்ஜியம் நாட்டுப் பிரான்சிஸ் மாஹியூ சுவாமியாரும் ஆங்கிலேயரான பீட் கிரிபித்ஸ் சுவாமியாரும் தொடங்கினார்கள். மாஹியூ சுவாமியார் அதற்குமுன் குளித்தலை அருகே, 1950-இல் தோன்றிய சாந்திவனத்தில் தங்கியிருந்தவர். கிரிபித்ஸ் சுவாமியாரோ 1968-இல் அதே சாந்திவனத்துக்கு வந்து, 1993-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். காவிரிக்கரையில் இத்தனை அருகே ஓர் ஆசிரமம் இருக்க மலைக்கு ஏன் போனீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடக்கத்தான் போனோம்.

மலைமேல் இருப்பவர்களுக்குப் பக்தி தானாக ஊற்றெடுக்கும் என்று எண்ணிப் போகிறவன் அங்கே காண்பது மாட்டுத் தொழுவமும் புல்லுக்கட்டும். விடியுமுன் எழுந்து, காவி உடுத்தி, தரையில் உட்கார்ந்து சீரிய முறைப்படி ஜெபிக்கிறார்கள். பிறகு வேலை. பசுவின் மடி கனத்தால் கறந்தாக வேண்டும். உன் மனம் ஒட்டுகிறதா என்று அது கேட்பதில்லை. 1998 முதல் இவர்கள் சிஸ்டெர்சியன் சபையைச் சேர்ந்தவர்கள். அந்தச் சபையார் கைக்கொள்ளும் அர்ச். ஆசீர்வாதப்பர் ஒழுங்கின்படி, சேர்ந்த மடத்திலேயே நிலைத்திருப்பதும் ஒரு வார்த்தைப்பாடு. மத்தியானப் பசாசுக்கு நேர் எதிரான வார்த்தைப்பாடு அது!

எலியாஸ் தீர்க்கதரிசியை நினைத்துப் பாருங்கள். போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஒரு செடியின் கீழ் படுத்துவிட்டார். சம்மனசானவர் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. இரண்டு தடவை எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அந்தப் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலை சேர்ந்தார். அங்கேயாவது சர்வேசுரன் அவரைக் குடிவைத்தாரா? இல்லை. இங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பினார். கையில் வேலையும், துணைக்கு எலிசேயுவையும் கொடுத்தார்.

ஆகையால் ருசி வரட்டும், பிறகு ஜெபிப்போம் என்று காத்திருக்க வேண்டாம். ஐம்பத்து மூன்று மணி முடியாவிட்டால் பத்து மணி சொல்லுங்கள். தாய்மாரே, வீட்டுக்காரரை அதட்டிச் செபமாலைக்கு இழுக்காதீர்கள். களைத்தவரை முன்னால் விட்டு, அவர் வேகத்தில் எல்லாரும் சொல்லுங்கள். தூக்கமும் பசியும் போய், சாவு நினைவே வருகிறவர்கள் தாமதியாமல் வைத்தியரிடம் போகவேண்டும். அது விசுவாசக் குறைவல்ல. சம்மனசானவர் முதலில் உடம்பைத்தான் கவனித்தார்.

சனிக்கிழமை மாலை 5 மணி முதல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருப்பேன். பாவம் எதுவும் நினைவுக்கு வராவிட்டாலும், மனசு ஒட்டவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம்.