நினைவு நாள் யாருக்காக?

பெரியாறு மலையாற்றூர்க் குன்றின் அடிவாரத்தைத் தொட்டு, ஆதிசங்கரர் அவதரித்த காலடியைக் கடந்து, ஆலுவாவின் மணற்பரப்பை அடைகிறது. பின்னர் கிளைகளாகப் பிரிந்து, தொழிற்சாலைகள் நிறைந்த ஏலூரைத் தழுவியபடி கடலை நோக்கிச் செல்கிறது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்று, புனித தோமையாரின் நினைவாகக் கத்தோலிக்க யாத்திரிகர்கள் மலையாற்றூர்க் குன்றில் ஏறுகிறார்கள். மரச்சிலுவை சுமந்து தமிழகத்திலிருந்து வருவோரும் அவர்களில் உண்டு. காலடியில் மக்கள் ஆசாரியரை நினைக்கிறார்கள். ஆலுவா மணலில் சிவராத்திரியன்று முன்னோருக்குப் பலிதர்ப்பணம் செய்கிறார்கள். ஒரே நதியின் கரையில் எத்தனை நினைவுகள்!

ஏலூரில், ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழன்பர் ஒருவரின் இல்லத்தில் ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஓர் ஐயத்தை எழுப்பினார்: 'சுவாமிஜி, என் பக்கத்து வீட்டார் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள். புனித தோமையார் உயிர்நீத்த நாள் டிசம்பர் 21 என்கிறார்கள். ஜூலை 3 அன்றும் ஒரு பெருநாள் கொண்டாடுகிறார்கள். கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளிலோ அக்டோபர் 6 என்று படித்தேன். ஒருவருக்கு இத்தனை நாட்களா? இவற்றில் எது மெய்? நாளே நிச்சயமில்லை என்றால் நினைவுக்கு என்ன மதிப்பு?'

இது வெறும் பஞ்சாங்கக் கேள்வி அன்று. மகான்களை நாம் ஏன் நினைக்கிறோம் என்ற கேள்வியே இதனுள் ஒளிந்திருக்கிறது.

இறப்பே பிறப்பு

கி.பி. 155-ஆம் ஆண்டை ஒட்டி, இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னா நகரில், பொலிக்கார்ப் என்ற முதிய ஆயர் கொல்லப்பட்டார். கிறிஸ்துவை நிந்தித்தால் விடுதலை என்றார் ரோமானிய அதிகாரி. எண்பத்தாறு ஆண்டுகள் தாம் சேவித்த தலைவனைப் பழிக்க முதியவர் உடன்படவில்லை. ஸ்மிர்னாவின் கிறிஸ்தவர்கள் இதனை ஒரு மடலாக எழுதி மற்ற ஊர்ச் சபைகளுக்கு அனுப்பினார்கள். அவருடைய எலும்புகளைச் சேகரித்து வைத்ததையும், ஆண்டுதோறும் அந்நாளில் கூடப் போவதையும் அதில் தெரிவித்தார்கள். அவர் மாண்ட நாளை அம்மடல் 'பிறந்த நாள்' என்றே குறிப்பிடுகிறது.

ஆர்த்தடாக்ஸ் சபைகளின் நாட்காட்டி இத்தகைய நினைவுகளிலிருந்து வளர்ந்தது. பொலிக்கார்ப்பின் நாள் பிப்ரவரி 23. மண்ணுலகப் பிறந்த நாளைக் கொண்டாடுவது அதில் அரிது. இயேசு, அவருடைய அன்னை மரியாள், ஸ்நாபக யோவான் ஆகியோருக்கே அந்தச் சிறப்பு உண்டு. மற்ற புனிதர்களுக்குப் பெரும்பாலும் இறைவனை அடைந்த நாளே பெருநாள்.

தமிழருக்கு இது அந்நியமானதன்று. நாயன்மார்களின் குருபூஜை அவர்கள் சிவனடி சேர்ந்த நட்சத்திரத்தில் நடைபெறுகிறது. ஆழ்வார்களுக்கோ அவதரித்த திருநட்சத்திரம் போற்றப்படுகிறது. ஒரு மரபு நதி புறப்பட்ட இடத்தை வணங்குகிறது. மற்றொன்று அது கடலில் கலந்த இடத்தை வணங்குகிறது.

இனி அன்பரின் ஐயத்திற்கு வருவோம். தோமையார் சென்னை மயிலாப்பூரில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்நீத்தார் என்பது மரபு. டிசம்பர் 21 அந்தத் தியாகத்தின் நாள். அவருடைய எலும்புகள் பின்னர் மேற்கே எதெஸ்ஸா நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதன் நினைவு ஜூலை 3. அதற்கு 'துக்றானா' என்று பெயர். சிரியாக் மொழியில் இச்சொல்லின் பொருளே 'நினைவு' என்பதுதான். அக்டோபர் 6 கிரேக்க மரபு வகுத்துக்கொண்ட நாள். பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாத ரஷ்ய சபைக்கு அதுவும் நமது அக்டோபர் 19-இல்தான் வரும். இரு நாட்காட்டிகளுக்கும் இன்று 13 நாள் இடைவெளி. ஒரே வாழ்வை வெவ்வேறு சமூகங்கள் வெவ்வேறு வாயில் வழியே அணுகியிருக்கின்றன. இதில் பொய் எதுவும் இல்லை.

நீக்கப்பட்ட பெயர்கள்

நாள் வேறுபடுவது பெரிய சிக்கல் அன்று. பெயரையே நீக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

1599 ஜூன் மாதம், கொச்சிக்குத் தெற்கே உள்ள உதயம்பேரூரில், கோவாவின் போர்த்துக்கீசியப் பேராயர் மெனேசிஸ் ஒரு சங்கத்தைக் கூட்டினார். கேரளத்தின் தோமா கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த சில ஆசிரியர்களை அச்சங்கம் சமய விரோதிகள் என்று அறிவித்து, அவர்களுடைய நினைவு நாட்களை விலக்கியது. சிரியாக் நூல்கள் பல திருத்தப்பட்டன; பல எரிக்கப்பட்டன. கொல்லம் பகுதியில் வாழ்ந்ததாகப் போற்றப்பட்ட மார் சாபோர், மார் அப்ரோத் என்ற இரு புனிதர்களின் பெயரால் விளங்கிய ஆலயங்களை, 'சகல புனிதர்கள்' பெயருக்கு மாற்றுமாறு கட்டளை பிறந்தது.

ஐம்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. மேற்காசியாவிலிருந்து வந்த ஆயர் ஒருவரைப் போர்த்துக்கீசியர் தடுத்து வைத்து, மக்கள் அவரைக் காணவும் விடவில்லை என்ற செய்தி பரவியது. நெடுநாள் தேங்கிய வேதனை பொங்கியது. 1653 ஜனவரி 3 அன்று மக்கள் மட்டாஞ்சேரியில் திரண்டு, ஒரு சிலுவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பற்றியபடி சத்தியம் செய்தார்கள். பாரம் தாளாமல் சிலுவை வளைந்தது என்பர். ஆகவே அது 'கூனன் குரிசு' சத்தியம். அதற்குக் காரணங்கள் பல. எனினும் ஒரு சமூகத்தின் நினைவைப் பிறர் திருத்தி எழுதினால் அந்தப் புண் எளிதில் ஆறுவதில்லை. அங்கமாலிக்கு அருகில் அகப்பறம்பில் உள்ள தேவாலயம் இன்றும் மார் சாபோர், அப்ரோத் பெயரால்தான் விளங்குகிறது.

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அந்தியோக்கியாவின் செவேரஸ் சிரியாக் ஆர்த்தடாக்ஸ் சபைக்குப் புனிதர். பிப்ரவரி 8 அவர் நாள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபைக்கோ அவர் விலக்கப்பட்டவர். மட்டாஞ்சேரியில் ஒரே கயிற்றைப் பற்றியவர்களின் வழித்தோன்றல்களும் பின்னர் பிரிந்தார்கள். மலங்கரை சபையின் இரு பிரிவினர் ஆலய உரிமை குறித்து நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 2017 ஜூலை 3. தோமையாரின் துக்றானா நாள்! வழக்கின் நியாயத்தை ஆராய்வது நம் பணியன்று. ஆனால் அந்தத் தேதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

விளக்கும் குயவனும்

பக்தியுள்ள செயலை அது பக்தியுள்ளது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா, அல்லது தெய்வங்கள் விரும்புவதால் அது பக்தியுள்ளது ஆகிறதா என்று கிரேக்க ஞானி சாக்ரடீஸ் வினவினார். நாமும் கேட்கலாம்: பட்டியலில் இருப்பதால் ஒருவர் புனிதரா, புனிதர் என்பதால் பட்டியலில் இருக்கிறாரா?

நமது தத்துவ மரபு இதற்கு விடை காண உதவுகிறது. காரணம் இரு வகை. ஒன்றை உண்டாக்குவது காரக ஹேது. ஏற்கெனவே உள்ளதை அறிவிப்பது ஞாபக ஹேது. குயவன் குடத்தை உண்டாக்குகிறான். விளக்கு குடத்தைக் காட்டுகிறது. தமிழில் நாம் நினைவைக் குறிக்க வழங்கும் 'ஞாபகம்' என்ற சொல் இந்த இரண்டாவது வகையிலிருந்து வந்ததே. நாட்காட்டி ஒரு ஞாபக ஹேது. அது புனிதத்தை உண்டாக்குவதில்லை, சுட்டிக் காட்டுகிறது. விளக்கை அணைத்தால் குடம் அழிந்துவிடாது. குடம் இருப்பது தெரியாமல் போவதால் இழப்பு நமக்கே.

ஆயின், விளக்கு எதைக் காட்டினாலும் சரிதானா? ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் பர்லாம் முனிவர், இந்திய இளவரசர் ஜோசபாத் ஆகியோரின் நினைவு உண்டு. ரஷ்ய மரபில் அது நவம்பர் 19. நோயும் முதுமையும் மரணமும் கண்ணில் படாதபடி அரண்மனையில் வளர்க்கப்பட்டவர் ஜோசபாத். அவற்றைக் கண்டதும் கலங்கி, துறவி ஒருவரிடம் உபதேசம் பெற்று, அரசைத் துறந்தார். இது யாருடைய கதை என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'போதிசத்துவர்' என்ற சொல்லே பாரசீகம், அரபு, ஜார்ஜிய மொழி, கிரேக்கம் எனக் கடந்து 'ஜோசபாத்' ஆனது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் நூற்றாண்டுகளாக அவரை வணங்கியவர்கள் ஏமாந்தார்களா? அவர்கள் போற்றியது துறவை. அந்தத் துறவு மெய். பெயர் மட்டுமே வழியில் திரிந்தது. உண்மை தெரிந்த பிறகு அதை மறைத்தல் தகாது. யாரிடமிருந்து பெற்றோம் என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். வரலாற்று உண்மையைக் கண்டு அஞ்சும் பக்தி இன்னும் பக்குவமடையவில்லை.

நினைப்பவருக்காக

ஸ்மிர்னா மடல் ஆண்டு நினைவுக்கு இரு பயன்களைக் கூறுகிறது: முன்பு போராடியவர்களை நினைத்தல், இனிப் போராட வேண்டியவர்களைப் பயிற்றுவித்தல். இரண்டாவதையே நாம் மறந்துவிடுகிறோம். நம்மால் புகழப்பட வேண்டிய நிலையில் எந்த மகானும் இல்லை. பயிற்சி தேவைப்படுவது நமக்கே.

இதற்கு ஓர் உரைகல் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் நினிவே நகரின் ஆயராகி, ஐந்தே மாதங்களில் பதவியைத் துறந்து தனிமையை நாடியவர் ஐசக். கிரேக்கர்கள் சமய விரோதம் என்று ஒதுக்கிய கீழைத் திருச்சபையே அவருடைய சபை. ஆயினும் பாலஸ்தீனத்தின் மார் சாபா மடத்துத் துறவிகள் அவர் நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார்கள். கிரேக்க, ரஷ்ய சபைகள் ஜனவரி 28 அன்று அவரைப் புனிதராக நினைக்கின்றன. 2024 நவம்பரில் கத்தோலிக்கத் திருச்சபையும் தன் புனிதர் பட்டியலில் அவரைச் சேர்ப்பதாக அறிவித்தது. வேலிகளை எல்லாம் அவர் எப்படிக் கடந்தார்? மனிதர், பறவை, விலங்கு, ஊர்வன, பகைவர் என எவ்வுயிருக்கும் உருகிக் கண்ணீர் மல்கும் இதயமே கருணையுள்ள இதயம் என்று கற்பித்தவர் அவர். அந்தக் கண்ணீரின் சபை எது என்று எவரும் கேட்கவில்லை.

ஒரு நினைவு நாள் நம் இதயத்தை அவ்வாறு உருக்கினால், தேதி சற்று முன்பின் ஆனாலும் அது பலித்தது. அயலார்மீது வெறுப்பை வளர்த்தால், தேதி துல்லியமாக இருந்தாலும் அது வீண்.

ஏலூர் அன்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. 'டிசம்பர் 21 அன்று பக்கத்து வீட்டாருடன் நீங்களும் ஆலயத்திற்குச் சென்று வாருங்கள்' என்று மட்டும் கூறினேன். சிறிது மௌனத்திற்குப் பின் அவர் சொன்னார்: 'ஆண்டுதோறும் அழைக்கிறார்கள், சுவாமிஜி. இருபது ஆண்டுகளில் ஒருமுறையும் நான் போனதில்லை.'