கிரகணம் இல்லாத நாளில் ஸ்நானம்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ உள்ள அலுவலகங்களில் சகஜமான காட்சி இது. பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது என்கிறது திரை. பழையதையே மறுபடி கொடுத்தால் ஏற்பதில்லை. நந்திமலையின் பெயரோடு 7 என்ற எண்ணைச் சேர்த்து வைத்திருந்தவர் அதை 8 ஆக்குகிறார், கதவு திறந்துவிடுகிறது. அற்பமான இந்தச் செயலுக்குள் பழைய தத்துவக் கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது: எது மாறினால் அதை மாற்றம் என்று சொல்லலாம்?

பல அலுவலகங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி இதற்கு எண்ணிக்கையில் பதில் வைத்திருக்கிறது. அதன் இயல்பமைப்பில் 42 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியாக வேண்டும். கடைசி 24 பாஸ்வேர்டுகளில் எதுவும் திரும்ப வரக்கூடாது. ஒரே மூச்சில் 24 முறை மாற்றிவிட்டுப் பழையதற்கே திரும்பும் சாமர்த்தியத்தை அடைக்க, புதியதை ஒரு நாளாவது வைத்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ஆனால் கணினி பழையவற்றைச் சொற்களாக வைத்திருப்பதில்லை. திருப்பிப் படிக்க முடியாத ஹாஷ்களாகவே வைத்திருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் அடியோடு வேறாகிவிடும். எனவே இரண்டும் ஒன்றா, இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். 8 என்பது 7-இன் வாரிசு என்பது தெரியாது.

வேதாந்தம் இந்த வாரிசு உறவைத்தான் வாசனை என்கிறது: செயல் முடிந்த பிறகும் மனத்தில் தங்கி, அடுத்த செயலை அதே தடத்தில் தள்ளும் பதிவு. பெருங்காயம் இருந்த டப்பாவைக் கழுவினாலும் மணம் போவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதை அளந்தே காட்டினார்கள். 7,700-க்கும் மேற்பட்ட கணக்குகளை ஆராய்ந்ததில், பழைய பாஸ்வேர்டு கையிலிருந்தால் சுமார் 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்தே முயற்சிகளுக்குள் ஊகித்துவிட முடிந்தது. சொல் மாறியிருந்தது, அதைப் பிறப்பித்த பழக்கம் மாறவில்லை.

அப்படியானால் கெடு வைத்து மாற்றுவதே வீண் என்று சொன்னால் இரண்டு மறுப்புகள் எழும். திருடு போனது தெரியாமலே போகலாம், கெடு வைத்து மாற்றினால் திருடனின் காலமாவது குறையுமே என்பது முதலாவது. அடுத்ததை ஊகிக்க முடியாதவரை அது நியாயம்தான். 7 தெரிந்தவனுக்கு 8 எத்தனை தூரம்? இரண்டாவது இன்னும் ஆழமானது. நாள் தவறாத ஒழுங்குதானே மனிதனைத் திருத்துகிறது, சந்தியாவந்தனம் தினமும் செய்யப்படவில்லையா? ஆனால் சந்தியாவந்தனம் புதுமை கேட்பதில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து பழக்கத்தை ஊன்றுவது அது. பழக்கத்தை உடைக்கும் வேலையைக் காலண்டரிடம் கொடுத்தால், காலண்டருக்குத் தோதான இன்னொரு பழக்கம் முளைக்கிறது: 7, 8, 9.

மீமாம்சை கடமைகளை நித்தியம், நைமித்திகம் என்று பிரிக்கிறது. முன்னது அன்றாடம் செய்வது. பின்னது காரணம் நேர்ந்தால் மட்டும் செய்வது. பாஸ்வேர்டு மாற்றம் நைமித்திகம். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வந்துசேர்ந்த இடமும் இதுவே: காரணமின்றிக் கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் கட்டாயம் மாற்றச் செய்யுங்கள். கசிந்தபின் பழையது திரும்பக் கூடாது என்ற விதிக்கு முழு அர்த்தம் உண்டு. எதை விடுகிறோம், ஏன் விடுகிறோம் என்பது அப்போது விடுகிறவருக்கும் தெரியும். கிரகணம் பிடித்தால் ஸ்நானம் செய்யத்தான் வேண்டும். பிடிக்காத நாளில் அதே தண்ணீரில் முங்கி எழுந்தால், அது வெறும் குளியல்.