சிறகுக்குள் சேர்க்கும் வேலை



இன்று வாசித்த லூக்கா நற்செய்திப் பகுதியில், ஏரோதை நரி என்று சொன்ன கையோடு இயேசு தம்மை ஒரு தாய்க்கோழியாகக் காட்டுகிறார். நரிக்கு எதிரே சிங்கத்தை நிறுத்தியிருக்கலாம். எருசலேமை நினைத்து அவர் நெஞ்சு கனத்தபோது முன்னால் வந்து நின்றதோ, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கப் பாடுபடும் ஒரு முற்றத்துக் கோழி.

நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளை அறிந்த நமக்கு இந்த வசனம் வலிக்க வேண்டும். அங்கே கூண்டில் நிற்கும் கோழிகளில் ஒன்றுகூடத் தாயின் சிறகுக்குள் இருந்ததில்லை. குஞ்சுபொரிப்பான் இயந்திரத்தில் பிறந்தவை அவை. அடையில் உட்கார்ந்த கோழி முட்டையிடாது என்பதால், அடைகாக்கும் குணத்தையே அந்த இனங்களிலிருந்து மனிதர் தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிட்டார்கள். ஆண்டவர் தம் அன்புக்கு எடுத்துக்கொண்ட அடையாளத்தை அந்தப் பறவைகளே அறியாதபடி செய்திருக்கிறோம்.

நாம் எழுதும் ஏ4 தாள் ஒன்றின் பரப்புகூட ஒரு கோழிக்குக் கிடைக்காத கூண்டுகள் உண்டு. காலுக்கடியில் சாய்ந்த கம்பி வலை. ஒன்றையொன்று கொத்தாதிருக்க அலகின் நுனியை வெட்டிவிடுகிறார்கள். காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டையிட்டால், இது ஏறக்குறைய முந்நூறு இடுகிறது. ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து தீவனத்தில் போதாதபோது தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. முட்டை குறைந்ததும் வண்டியேற்றி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சந்தையில் கூண்டின்மேல் கூண்டாக, இறகு உதிர்ந்த சிவந்த முதுகோடு, வாயைத் திறந்து மூச்சுவாங்கி நிற்பவை இவைதான்.

நம் பங்கில் சிலர் இவற்றை வாங்கி, அறுக்காமல் வளர்க்கிறார்கள். அவர்களுடைய முற்றத்தில் கற்றுக்கொண்டதை இந்தப் பீடத்திலிருந்து சொல்வதை நான் தகாததாக நினைக்கவில்லை.

முதலில் நிழலும் தண்ணீரும். வீட்டுக் கோழிகளோடு உடனே விடாமல், மூன்று நான்கு வாரம் தனியே வையுங்கள். கழிச்சலோ சளியோ இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். இறகுக்கடியில் பேன் இருக்கிறதா, கால் செதில் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். செதில் தூக்கிய காலில் தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவித்தான் ஆற்ற வேண்டும். அலகு வெட்டப்பட்ட கோழிக்குத் தரையில் சிதறிய கம்பைப் பொறுக்க வராது, குழைத்த தீவனத்தை ஆழமில்லாத தட்டில் வையுங்கள். இறகில் பெரும்பங்கு புரதம். அதனால் வெறும் குருணையைப் போட்டுவிட்டு இறகு முளைக்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. கரையான், கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் தூள், கொஞ்சம் முருங்கைக்கீரை கொடுங்கள்.

அந்தி சாயும்போதுதான் அதன் காயம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். நாட்டுக்கோழி தானாகக் கூட்டுக்குள் ஏறிவிடும். கூண்டிலேயே வளர்ந்த இந்தக் கோழிக்கு இருட்டு வந்தால் எங்கே போவது என்று தெரியாது, நின்ற இடத்திலேயே சுருண்டுவிடும். ஆகவே ஒவ்வொரு மாலையும் நீங்கள்தான் அதைக் கையில் எடுத்து உள்ளே வைக்க வேண்டும். அது திமிறும், உங்களைக் கொத்தும், நன்றி என்று ஒன்றும் காட்டாது. எருசலேமும் அப்படித்தான் நின்றது. எத்தனையோ முறை சேர்க்க விரும்பினேன், நீங்கள் இசையவில்லை என்ற ஆண்டவரின் அங்கலாய்ப்பு, ஏட்டில் படிக்கும்போது புரிவதைவிட அந்த மாலை வேளையில் நன்றாகப் புரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதில் எனக்குப் பெரிய ஆறுதல் உண்டு. மண்ணையே காணாத கூண்டுக்கோழியும் கம்பி வலைமேல் படுத்து, மண்ணில் புரள்வதுபோல் உடம்பை அசைத்துப் பார்க்கும். காய்ந்த மண்ணும் சாம்பலும் உள்ள குழியில் அதை விட்டால், யாரும் கற்றுத்தராமலே புழுதியை வாரி இறகுக்குள் போட்டுக்கொள்ளும். படைத்தவர் உள்ளே வைத்ததைக் கூண்டால் பிடுங்க முடியவில்லை.

தின்றுகொண்டு சும்மா நிற்கிறதே, முட்டை எங்கே என்று கேட்கிறீர்கள். இறகு முளைக்கும் காலத்தில் முட்டை நின்றுபோவது இயல்பு. நிற்கட்டுமே! மோசேயின் சட்டம் ஓய்வுநாளை மாட்டுக்கும் கழுதைக்கும் சேர்த்துத்தான் கொடுத்தது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலும், உயிர்களின் மதிப்பு நமக்கு அவற்றால் வரும் பயனோடு முடிந்துவிடவில்லை என்றே கற்பிக்கிறது. இயேசுவின் காலத்தில் ஒரு காசுக்கு இரண்டு குருவி, இரண்டு காசுக்கு ஐந்து. அந்தக் கொசுறுக் குருவியும் கடவுளின் நினைவில் இருந்ததாக அவர் சொன்னார்.

ஆனால் வாங்குவது மட்டும் போதாது. நீங்கள் இரக்கப்பட்டு ஒரு கூண்டை வெறுமையாக்கினால், நாளை அதில் வேறு கோழிகள் நிற்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 முதல் தடைசெய்தன. நம் நாட்டிலும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 முதல் இருக்கிறது. இருந்தும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட கோழிகளை இருசக்கர வண்டியில் நாள்தோறும் பார்க்கிறோம், பார்த்துப் பழகியும்விட்டோம்.

விற்கிறவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். வழியில் செத்த கோழியின் நட்டம் அவர் தலையில்தான் விழுகிறது. கூட்டம் குறைந்தால், நிழல் இருந்தால் அவருக்கும் லாபம் என்று பொறுமையாகப் பேசுங்கள், தலை நிமிர்ந்தபடி கோழியைத் தரச்சொல்லி வாங்குங்கள். வெயில் ஏறிவிட்டது. சந்தை நாளில் கூண்டுகளின் மேல் நனைத்துப் போடக் கோணிச்சாக்குகள் வேண்டும். நம் இளைஞர்கள் தண்ணீர் டிரம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பழைய சாக்கு இருப்பவர்கள் திருப்பலி முடிந்ததும் அவர்களிடம் பெயர் கொடுங்கள்.