வாக்குத்தத்தமும் வேண்டுதலும்

புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையின்போது வேதவசனம் அச்சிட்ட சிறு அட்டையொன்றை எடுத்துச் செல்லும் வழக்கம் தமிழ்ப் புரட்டஸ்தாந்தரிடையே உண்டு. இறைவன் அவ்வாண்டுக்குத் தமக்களித்த வாக்குத்தத்தம் அதுவே எனக் கொண்டு, அதை முன்வைத்து ஆண்டு முழுவதும் ஜெபிப்பர். உத்தியோக உயர்வும் மகளின் விவாகமும் பரீட்சைச் சித்தியும் அவ்வசனத்தின் பேரிலே கோரப்படுகின்றன.

இதை மூடநம்பிக்கையென ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அபினி என்ற ஒரே சொல்லோடு சமய ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளும் நண்பர்களுக்கு இது உவப்பளிக்காது. அதற்கு நாம் என் செய்வது! கொடுத்த சொல்லைக் காட்டி நிறைவேற்றும்படி கேட்பவன் இரந்து நிற்பவன் அல்லன், உரிமை கோருபவன். அவ்வகையில் இது நிமிர்ந்து நிற்கும் ஜெபமே. ஆயின், அந்தச் சொல் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

இவ்வட்டைகளில் அடிக்கடி இடம்பெறுவது எரேமியா 29ஆம் அதிகாரத்தின் 11ஆம் வசனம். தம் மக்களைக் குறித்து இறைவன் எண்ணுவது நன்மையே என்பது அதன் கருத்து. அது ஒரு கடிதத்தின் பகுதி. கி.மு. 597இல் நெபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, அரசனையும் பிரபுக்களையும் மட்டுமன்றித் தச்சரையும் கொல்லரையும்கூடப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். வேரோடு பிடுங்கப்பட்ட அந்தச் சனத்துக்கே எரேமியா எழுதினார். அங்கே 'நீங்கள்' என வருவது, நாம் பெரியோரை விளிக்கும் மரியாதைப் பன்மை அன்று. ஒரு முழு மக்களினத்தைக் குறிக்கும் பன்மை.

அதற்கு முந்திய வசனமோ மீட்சிக்கு எழுபது ஆண்டு செல்லும் என்கிறது. அட்டையில் அது அச்சாவதில்லை. கடிதத்தை வாசித்த பெரியவர்களுள் அநேகர் அந்நாளைக் காணமாட்டார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், சிறையிருக்கும் நகரத்தின் நலனுக்கும் உழையுங்கள் என்பதே இடைக்காலத்துக்கான கட்டளை. இரண்டே ஆண்டில் எல்லாம் சீராகும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி வாக்களித்ததை முந்திய அதிகாரம் கூறுகிறது. வாக்குத்தத்த அட்டை அச்சிடுவதற்கு அவனுடைய சொல்லே மிகப் பொருத்தம்.

எழுபது ஆண்டு என்ற அதே வாக்கை ஏட்டில் கண்டு ஜெபித்த ஒருவனை தானியேல் 9ஆம் அதிகாரம் காட்டுகிறது. அவன் தனக்கென ஒன்றும் கேட்கவில்லை. தன்மீது சொல்லத்தக்க குற்றம் எதுவுமின்றியும், தன் இனத்தின் குற்றத்தைத் 'நாங்கள்' என்றே அறிக்கையிடுகிறான். பின்னரே பாழான நகரத்துக்காக மன்றாடுகிறான். வாக்கைப் பற்றிக்கொள்வதன் விலை இங்கேதான் தெரிகிறது: அவன் முதலில் அந்த மக்களுள் ஒருவனாகிறான்.

இதற்கு மாறான காட்சி எரேமியா 34இல் உண்டு. பாபிலோனியப் படை சூழ்ந்த அச்சத்தில், எருசலேமின் எசமானர் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக ஆலயத்திலே உடன்படிக்கை செய்தனர். ஏழாம் ஆண்டில் விடுதலை என்பது அவர்களுடைய நியாயப்பிரமாணமே; எவரும் அதுவரை கைக்கொண்டதில்லை. படை சற்றே விலகியதும், விடுவித்தவர்களை மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். படை விலகியிருந்த அந்த நாட்களிலேதான், தங்களுக்காக ஜெபிக்கும்படி சிதேக்கியா அரசன் எரேமியாவிடம் ஆளனுப்பினான். படை திரும்பி வரும், நகரம் தீக்கிரையாகும் என்பதே அவனுக்குக் கிடைத்த மறுமொழி.