மறைவிற் பிழை பிழையாமோ?

பிறர் கண்ணுக்குப் புலப்படாததும், பிறர்க்குத் தீங்கு விளைத்ததாக அறியப்படாததுமாகிய ஒரு பிழை, பிழையெனப்படுமோ படாதோ என்பது ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இது சிறு வினாவாகத் தோன்றும். எமக்கும் நெடுங்காலம் அவ்வாறே தோன்றிற்று. அபிராமபுரத்தில் எம் இல்லத்திற்கு அடுத்த வீட்டு மாடியில் நிகழ்ந்த செய்தியொன்று அதனைப் பெருவினாவாக்கிற்று. அச்செய்தியை முன்னர்க் கூறிப் பின்னர் ஆராய்ச்சியிற் புகுவாம்.

அவ்வீட்டு இளைஞரொருவர், பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்து, இரவினும் விடுமுறை நாட்களினும் ஆகாய விமானத்தின் மாதிரி ஒன்றைத் தம் கையாற் செய்து வருகின்றார். விமானம் என்ற அளவில் கபாலீச்சரத்துக் கருவறைமேல் நிற்கும் விமானத்தையே நினைந்து பழகிய யாம், சிறுவர் விளையாட்டுப் பொருளாகும் என்றெண்ணி மாடிக்குச் சென்றோம். சென்று கண்டது வேறு. இறக்கை நுனி தொடங்கி மறுநுனிகாறும் எட்டடி. தரையில் நின்று வானொலி அலையால் இயக்கத்தக்கது. வரைபடத்தின் படியொன்றைப் பிளைவுட்டுப் பலகையின்மேல் ஒட்டி, கம்பிபோன்ற மெல்லிய அலகுடைய கைவாளால் கோட்டிற்குச் சற்றுப் புறத்தே அறுத்து, பின்னர்க் கோடுவரை உப்புத்தாளால் தேய்த்து, ஒவ்வோர் உறுப்பையும் அவர் ஆக்குகின்றார். அப்பலகையோ, மரத்தின் மெல்லிய ஏடுகளை, ஓரேட்டின் நார் நெடுக்கே செல்ல அடுத்ததன் நார் குறுக்கே செல்லுமாறு, மூன்றும் ஐந்துமாக ஒற்றைப்பட அடுக்கி ஒட்டியது. ஆகலின் எப்பக்கம் வளைப்பினும் எளிதிற் பிளவாது.

இப்பட்டணத்திற்கு இத்தொழில் முற்றும் புதிதன்று. மவுண்டு ரோட்டில் உணவுவிடுதி நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிசு என்பார், சிம்சன் கம்பெனியாரின் வண்டிப் பட்டறையிற் செய்வித்த விமானமொன்றை 1910ஆம் ஆண்டில் தீவுத்திடலில் மக்கள் காணக் காட்டினார். குதிரை வண்டி செய்து பழகிய கைகளே அதனையும் செய்தன. காண வந்தோர் கண்டது அதன் புறத்தோற்றம்; உள்ளே மரத்தொடு மரம் பொருந்திய பொருத்தினை அறிந்தோர் அத்தச்சரே.

இனி, நிகழ்ந்தது கூறுவாம். இறக்கையின் உள்ளே விலாவெலும்புபோல வரிசையாக நிற்கும் பலகைகள் பல உள. அவற்றை ஊடுருவி நெடுஞ்சட்டம் ஒன்று செல்லும். சட்டம் அமர்தற்கு ஒவ்வொரு விலாவிலும் ஒரு வெட்டு உண்டு. ஒருநாள் இரவு, ஒரு விலாவின் வெட்டு அளவின் மிக்கு அகன்றுவிட்டது. சட்டத்தை வைத்தபோது நகக்கண் அளவு இடைவெளி தோன்றிற்று. அவர் முகம் வாடக் கண்டு யாம், “தம்பி, மரத்தூளைப் பசையிற் குழைத்து இட்டு நிரப்புக. மேலே துணி போர்த்தப்போகின்றீர், யார் காண்பார்?” என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “ஐயா, சாய்ந்து திரும்பும்போது இறக்கை விமானத்தின் எடையைவிட அதிகமான பாரத்தைத் தாங்கவேண்டியிருக்கும். தூள் அதைத் தாங்கும் என்று நான் சொல்ல முடியாது. கீழே ஆட்கள் நிற்பார்கள்” என்று கூறி, அவ்விலாவை ஒருபுறம் வைத்து, புதுப்பலகை எடுத்து மீண்டும் அறுக்கத் தொடங்கினார். அப்பொழுது மணி பதினொன்று.

யாம் இல்லம் மீண்டும் உறங்கிலேம். நன்னூலார் பாயிரத்தில் நூலுக்குத் தச்சன் பிடிக்கும் நூலை உவமையாக்கி, அது மரத்தின் கோட்டம் தீர்ப்பதுபோல இது மனத்தின் கோட்டம் தீர்க்கும் என்று கூறியதனை மாணாக்கர்க்கு நாற்பது ஆண்டு பாடஞ்சொன்னவர் யாம். உவமையைச் சொன்னவர்க்கு உறுதியின்மையும், அதனைக் கேளாதவர்க்கு உறுதியும் உளவாயின.

உறங்காமைக்கு வேறு காரணமும் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகட்கு முன் பழைய உரையொன்றனை ஏட்டினின்று பெயர்த்தெழுதி அச்சுக்குக் கொடுத்தோம். ஓரிடத்தில் செல்லரித்து இரு சொற்கள் அழிந்திருந்தன. வேறு ஏடு கிடைத்திலது. பொருள் நோக்கி இரண்டு சொற்களை யாமே அமைத்து நிரப்பினோம். பகரக்குறி இட்டிருத்தல் வேண்டும், இட்டிலேம். பக்கம் குறியின்றி அழகாயிருத்தலை விரும்பினோம். உரையாசிரியரின் கருத்தை முற்றும் உணர்ந்தேம் என்னும் செருக்கும் உடனிருந்தது. மரத்தூளும் பசையும் அன்று யாம் இட்டவையே.

இதற்கு ஒரு தடை நிகழும். ‘இட்ட சொற்கள் சித்தாந்தத்தொடு மாறுபடாதனவாயின், அவற்றால் எவர்க்கும் கேடு விளையாதாயின், பிழையென்று வருந்துவது ஏன்? பயனே பிழையையும் பிழையின்மையையும் அளப்பது’ என்பர். அற்றன்று. மறைத்தவன் தன் செயலின் பயனை அளக்க வல்லனல்லன். எற்றுக்கெனின், மறைக்கப்பட்டது எங்குச் சென்று எதனைத் தாங்குமென்பது அவன் அறியாததாகலின்.

மேனாட்டு வரலாறு ஒன்று இதற்குச் சான்றாம். ஆங்கிலேயராகிய ஜான் சுமீட்டன் என்னும் பொறியாளர் 1759இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், வீசுங்காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட உதவும் எண்ணொன்று இடம்பெற்றது. பின்வந்தோர் அதனை 0.005 எனக் கொண்டு வழிவழிக் கையாண்டனர். இறக்கை ஆராய்ச்சியிற் சிறந்த லிலியந்தாலும் அதனையே கொண்டார். ரைட் சகோதரர் 1901இல் அமைத்த சறுக்கு விமானம் கணக்கிட்ட அளவு எழும்பாதொழியவே, அவர்கள் முன்னோர் கணக்கினையே ஐயுற்றனர். ஆறடி நீளமுள்ள பெட்டியொன்றிற் காற்றை ஓடவிட்டு, சிறுசிறு இறக்கை மாதிரிகள் ஏறத்தாழ இருநூற்றினைச் சோதித்தனர். அவர்கள் தம் பறத்தல்களினின்று கண்ட எண் 0.0033 அளவினது. அதன்பின்னரே 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பன்னிரண்டு நொடி, 120 அடி தூரம் பறத்தல் கைகூடிற்று. அப்பழைய எண்ணை எவரும் வஞ்சித்து எழுதினாரல்லர். வஞ்சமின்றிப் புகுந்த பிழையே நூற்றுநாற்பது ஆண்டு நின்று பின்வந்தாரை இடர்ப்படுத்துமாயின், அறிந்து புகுத்தி அடையாளமும் அழித்த பிழை எத்துணைக் காலம் நில்லாது?

எம் சொற்களும் நின்றன. சில ஆண்டுகட்கு முன் இளம் அறிஞர் ஒருவர் தம் ஆராய்ச்சி நூலில், அவ்விரு சொற்களையும் அவ்வுரையாசிரியரின் சிறப்பு வழக்கென எடுத்துக்காட்டி, அவற்றின்மேல் ஒரு முடிபினை நிறுவியிருந்தார். அந்நூலை எமக்கு அன்புடன் விடுத்தும் இருந்தார். யாம் வாழ்த்தெழுதினோம், உண்மை எழுதிலேம்.

இன்னுமொரு தடை: ‘ஒருகால் அச்சொற்களை எவரும் எடுத்தாளாதே போயின், பிழை யாண்டு நிற்கும்?’ செய்தான்கண் நிற்கும் என்க. உயிர் தான் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்றென்பது நம் சாத்திரத் துணிபு. பிழையை மறைத்தலைச் சார்ந்த அறிவு மறைப்பின் வண்ணமே ஆகும். உமாபதி சிவனார் ஆணவத்தை இருளினும் கொடிதென்றது, இருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும், ஆணவம் தன்னையும் காட்டாது என்பது பற்றி. இதனை எத்துணையோ முறை விளக்கியுள்ளோம். எம்மிடத்தே கண்டது அன்றிரவே. என்னை? ஆண்டுகள் செல்லச்செல்ல அச்சொற்கள் எம்முடையன என்பதனை யாமே மறந்தோம். ஒருமுறை மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லுங்கால் அவ்விடத்தை வாசித்து, ‘முன்னோர் சொல்லாட்சியின் நயம் காண்க’ என்றும் கூறினோம். பொய் பிறரை அடைதற்கு முன்னரே உரைத்தானை அடைந்துவிட்டது.

அற்றேல், குறையில்லாத வேலையே வேலையெனக் கொள்ளுதுமோவெனின், கொள்ளேம். அவ்விளைஞரின் இறக்கையினுள்ளே எழுதுகோற் கோடுகள் உள. பசை வழிந்த தழும்புகள் உள. அவற்றை அவர் துடைத்திலர். மற்றொரு விலா நுனியிற் சிறிது சிதைந்தபோது, புதிது செய்யாது, ஒரு துண்டுப்பலகையை மேலே வைத்து ஒட்டி, ‘இங்கு ஒட்டு’ என்று அதன்மேல் எழுதி நாளும் குறித்துவைத்தார். ஏன் முன்னதற்கு அவ்வாறு செய்திலீர் என வினவினேம். அவ்விடத்து ஒட்டு பாரந்தாங்கும், முன்னதில் தூள் தாங்குவதுபோலத் தோன்றும், அவ்வளவே வேறுபாடு என்றார். எனவே குறையுடைமை பிழையன்று. குறையை நிறைவெனக் காட்டுதலே பிழை. ஏட்டின் அழிவை ஊகித்து நிரப்புதலும் பதிப்பாசிரியர்க்கு உரிய தொழிலே. பகரக்குறி இடப்பட்ட ஊகம் பின்வருவானுக்கு உதவி. இடப்படாத ஊகம் அவன் காலடியில் மூடிய குழி.

இறைவன் எல்லாம் காண்கின்றானாதலின் மறைவென்பதே இல்லையெனக் கூறி அமையலாகாதோவெனின், அஃது உண்மையே. ஆயினும் யாம் அதனை அறிந்திருந்தும் பிழைத்தோம். தண்டத்தை அஞ்சி நேர்மை காப்பது தொடக்க நிலை. கீழே நிற்பவன் முகத்தை நினைந்து நேர்மை காப்பது அதனின் மேல். அவ்விளைஞர் இறைவன் பெயரை எடுத்திலர். கீழே ஆட்கள் நிற்பர் என்றதே அவர் கூறியது. எம் பக்கத்தின்கீழும் ஒருவர் நின்றார்; அவரை யாம் நினைத்திலேம்.

ஆகலின், மறைவிற் பிழையும் பிழையே என்பதும், மறைவே அதனை வளர்ப்பதென்பதும், அதற்குக் கழுவாய் வெளிப்படுத்தலேயென்பதும் எம் துணிபு. நூலின் பெயரும் பக்கமும் அவ்விரு சொற்களும் குறித்துப் பதிப்பித்தார்க்கும், அவ்வறிஞர்க்கும் தனித்தனி முடங்கல் விடுத்துள்ளோம். பிழை எமதே, பதிப்பித்தார்மேற் பழி ஏறாமைப்பொருட்டு ஈண்டுப் பெயர் கூறாதொழிந்தோம். அறிஞரின் விடை இன்னும் வந்திலது. வருங்கால் அது எத்தகையதாயினும் ஏற்றற்குரியேம்.

இறக்கைக்குத் துணி போர்த்தல் வருகின்ற ஞாயிற்றுக்கிழமை. அதற்குமுன் ஒருமுறை உள்ளே பார்த்துச் செல்லுமாறு அவர் எம்மை அழைத்துள்ளார்.