கழலாத கியர்பாக்ஸும் நாகசேனரின் தேரும்

கோலார் தங்கவயலுக்கு கியர்பாக்ஸ் அந்நியப் பொருள் அல்ல. 1964இல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் மண்வாரி இயந்திரங்களுக்கு வேண்டிய டிரான்ஸ்மிஷனும் அச்சும் இந்த ஊரில் உருவாகின்றன. 2001 பிப்ரவரி 28இல் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, பானா பிடிக்கத் தெரிந்த கைகளில் பல விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகின்றன. விடுமுறை நாளில் ஆண்டர்சன்பேட்டையிலோ மாரிக்குப்பத்திலோ ஒரு பழைய மாருதி 800ஐ வாசலில் தூக்கி நிறுத்தினால், சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேருக்கு யோசனை சொல்லும் தகுதி உண்டு. மீதிப் பேர் தகுதி இல்லாமலேயே சொல்வார்கள்.

பேட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று. ஆயிலை வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் உருவியாயிற்று. ஸ்டார்ட்டர் மோட்டார், கிளட்ச் கேபிள், மவுண்டிங் எல்லாம் விலகிவிட்டன. எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகளையும் எடுத்தாயிற்று. பெட்டி மட்டும் அசையவில்லை. பிடித்து வைத்திருந்தவை எல்லாம் தரையில் ஒரு தட்டில் கிடக்கின்றன. அப்படியானால் இப்போது எதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது?

இதே கேள்வியை வேறு உருவத்தில் கேட்ட ஊர் இது. தமிழ் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழர்கள் அதை வளர்த்தார்கள். 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பிறகு ‘தமிழன்’ ஆனது. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அதே பெயரில் தங்கவயலிலிருந்தே இதழ் நடத்தினார். நிலத்துக்கடியில் பாறையை உடைத்துவிட்டு மேலே வந்தவர்கள் ‘நான்’ என்று ஒன்று உண்டா என்று வாதிட்டார்கள் என்றால், பொழுது போகாமல் அல்ல. அதற்கு ஓர் அவசரம் இருந்தது.

பௌத்தத்தில் அந்த வாதத்துக்குப் பழைய உதாரணம் ஒரு வண்டிதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வழி மன்னன் மெனாந்தர், பாலி நூலில் மிலிந்தன். அவனிடம் நாகசேனர் என்ற பிக்கு, எதில் வந்தாய் என்று கேட்கிறார். தேரில் என்கிறான். அச்சுதான் தேரா? சக்கரமா? நுகத்தடியா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே பதில் வருகிறது. இவை சேர்ந்திருப்பதைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் தேர் என்று அரசனே சொல்லும்படி ஆகிறது. மனிதனும் அப்படித்தான் என்று முடிக்கிறார் நாகசேனர்.

வாசலில் வண்டியைப் பிரித்தவருக்கு இதில் ஒரு சந்தேகம் வரும். பாகங்களின் தொகைதான் வண்டி என்றால், கழற்றிக் குவித்ததும் வண்டிதானே? ஏழாம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் சந்திரகீர்த்தி இந்தச் சந்தேகத்தை விடவில்லை. தேரை ஏழு வகையில் தேடிப் பார்த்து, குவியலும் தேரல்ல, வடிவம் மட்டுமே என்றாலும் தேரல்ல என்று தள்ளினார். மெக்கானிக்குகள் அவரோடு சண்டைக்குப் போக மாட்டார்கள்.

இறுகிப்போன கியர்பாக்ஸ் இந்த விசாரணையை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. வண்டியைத் தேடியது போல அந்த இறுக்கத்தையும் தேடலாம். எஞ்சினையும் பெட்டியையும் நேர்கோட்டில் நிறுத்துவது டவல் பின் எனப்படும் எஃகுத் துண்டு. அது நுழைந்திருப்பது அலுமினிய உறையில். இரண்டு உலோகங்களுக்கு நடுவே மழை ஈரம் தங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கும். அதில் விளையும் பொருள், அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் கேட்டு ஆப்பாக இறுகும். நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டியில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பல்வரிகளும் கிளட்ச் பிளேட்டோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். எஃகின் குணமா இறுக்கம்? இல்லை. அலுமினியத்தின் குணமா? அதுவும் இல்லை. மழைக்கும் அப்படி ஓர் எண்ணம் கிடையாது. எல்லாம் கூடியபோது வந்தது, அவற்றில் ஒன்று விலகினால் தளரும். மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் விரித்துச் சொல்லும் பன்னிரு சார்புகளின் தர்க்கமும் இதுதான்: ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றும், சார்பு அற்றால் அதுவும் அறும்.

தங்கவயல்காரர்களின் அவசரம் இங்கேதான் புரிகிறது. இழிவு உன் பிறப்பிலேயே இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள், வரலாற்றில் தாழ்த்தப்பட்டவர்கள் என்பது அயோத்திதாசரின் வாதம். அதன் வரலாற்று விவரங்களை ஆய்வாளர்கள் ஏற்கலாம், மறுக்கலாம். அதன் அமைப்பு முக்கியம். இழிவு ஆளுக்குள் இல்லை, அதற்குக் காரணங்கள் உண்டு, காரணம் இருப்பதால் கழற்றவும் முடியும். விதி என்று சும்மா இருப்பதற்கும், சுத்தியலை எடுத்துக் கண்டபடி அடிப்பதற்கும் இது மாற்று.

சுத்தியல் ஆசை சாதாரணமானதல்ல. எட்டாம் நூற்றாண்டின் பௌத்தத் துறவி சாந்திதேவர் பொறுமையைப் பற்றி எழுதும்போது, எவ்வளவு வலி தந்தாலும் பித்தத்தின் மேல் யாரும் கோபப்படுவதில்லை, காரணங்களால் உந்தப்படும் மனிதர்கள் மேல் மட்டும் கோபம் ஏன் என்று கேட்கிறார். துருவின் மேல் கோபப்பட்டால் செலவும் உண்டு. இணைப்பு முகங்களுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினியம் வெட்டுப்படும், ஆயில் கசியும். பாதி வெளியே வந்த பெட்டியை ஷாஃப்டில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் வளையும்.

ஆயுத பூஜையன்று இதே ஸ்பேனருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கத்தை என்ன செய்வது? அயோத்திதாசர் பண்டிகைகளை வெறுமனே ஒதுக்கியவர் அல்ல. தீபாவளியை எள்ளெண்ணெயும் கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கெண்ணெயும் கண்டறிந்ததன் நினைவாக விளக்கியவர். கருவிக்கு மரியாதை செய்வதில் குற்றமில்லை. கருவிக்கு மனசு இருக்கிறது, அது அடம்பிடிக்கிறது என்று நம்பும்போதுதான் பெல் ஹவுசிங் உடைகிறது.

ஆகவே முதலில் விட்டுப்போன போல்ட் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். பிறகு டவல் பின்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஓர் இரவு பொறுங்கள். எண்ணெயை நன்றாகத் துடைத்து, அதன் ஆவியும் போன பிறகு, பின்னைச் சுற்றிச் சூட்டுக்காற்று காட்டலாம்; அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பெட்டிக்கு அடியில் முட்டு வைத்து, மரக்கட்டை கொடுத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி, மட்டம் மாறாமல் அசைத்து இழுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். வண்டியை ஸ்டாண்டின் மேல் உட்கார வைக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஹைட்ராலிக் ஜாக்கி நிற்பதும் ஒரு சிறிய ஆயில் சீலைச் சார்ந்துதான்.